ஏழாவது பாட்டில் குரல் இல்லை

போன செவ்வாய்க்கிழமை காலை. விளாங்குடியில் நான் வழக்கமாக உட்காரும் டீக்கடை. கடைக்காரர் பாண்டி கிளாஸை நீட்டிக்கொண்டே என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“சார்... நீங்க ராப் பாட்டுல இருக்கீங்களாமே?”

பெஞ்சில் என்னையும் சேர்த்து ஐந்து பேர். மற்ற நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வயது எழுபத்து நான்கு. முப்பத்தாறு வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அந்தத் திரும்பலில் நியாயம் இருந்தது.

“பாடலப்பா. வயலின் வாசிச்சேன். அதுவும் ரெண்டாவது வயலின்.”

“அதான பாத்தேன்! எம் மச்சினன் அனுப்புனான் சார். கடைசில பேரு ஓடுதுல்ல, அதுல உங்க பேரு இருக்குன்னான். பின்னாடி சினிமா கணக்கா அம்புட்டு வயலினு... முன்னாடி அந்தப் புள்ள வெளுத்து வாங்குது சார்! ஆனா ஒண்ணு...” பாண்டி செல்போனை என் பக்கம் திருப்பினார். “ஆறு பாட்டு நல்லா ஓடுது. ஏழாவதுல மியூசிக் மட்டுந்தான் வருது. பாட்டு வரல. ரெண்டு தடவ அழிச்சுட்டு மறுபடி ஏத்திப் பாத்துட்டேன். சரியா டவுன்லோடு ஆகலையோ?”

“சரியாத்தான் ஆகியிருக்கு.”

“பின்ன ஏன் சார் குரல் இல்ல?”

டீயை வாயில் வைத்துக்கொண்டேன். வாயில் டீ இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை, பாருங்கள்.

பாண்டிக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

பத்திரிகையில் இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் எண்ணுகிற வியாதி தெரியும். மாடிப்படி, மின்கம்பம், பிரசங்கத்தில் எங்கள் போதகர் எத்தனை தடவை ‘ஆகவே பிரியமானவர்களே’ என்கிறார்... எல்லாவற்றுக்கும் என்னிடம் எண்ணிக்கை உண்டு. சபையின் இசைக்குழுவில் நாற்பது வருடமாக என்னை வைத்திருப்பதும் இந்த வியாதிதான். இரண்டாவது வயலின்காரன் வாசிப்பதைவிடச் சும்மா இருப்பது அதிகம். பதினாறு தாளச் சுற்று சும்மா இருந்து, பதினேழாவதில் பிசகாமல் நுழைய வேண்டும். அழகாக வாசிக்கிறவர்கள் எங்கள் குழுவில் பலர். சும்மா இருக்கும்போது ஒழுங்காக எண்ணுகிறவன் நான்தான்.

மொத்தம் பதினான்கு பேர் நாங்கள். வயலின் ஒன்பது, அதைவிடக் கொஞ்சம் பெரிய வியோலா இரண்டு, காலிடுக்கில் நிறுத்தி வாசிக்கும் செல்லோ இரண்டு, ஆள் உயரத்துக்கு ஒரு டபுள் பேஸ். வங்கி குமாஸ்தா, நர்ஸ், ஆசிரியர்கள், என்னைப் போல ரிட்டயர்டு ஆட்கள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வாசிப்போம். எங்களை நடத்துகிறவர் அருள்தாஸ். பள்ளியில் இசை ஆசிரியர். நாற்பத்தைந்து வயது. எல்லாருக்கும் அவர் ‘மாஸ்டர்’. எனக்கு மட்டும் அருள்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அருள் ஒரு ஃபைலோடு வந்தார்.

“சார், சபை ஹால் வேணும். நம்ம ஸ்டிரிங்ஸ் பதினாலு பேரும் வேணும். ஒரு ஆல்பம் பண்றேன். ராப்.”

“ராப்பா? கைய ஆட்டி ஆட்டிப் பேசுவாங்களே, அதா?”

“அதேதான் சார். ஆனா பின்னாடி முழுசும் நம்ம வாத்தியம். ஏழு பாட்டுக்கும் நானே எழுதிருக்கேன்.”

“பாடுறது யாரு?”

“ஜான்சின்னு ஒரு பொண்ணு. பழங்காநத்தம். கண்ணாடிக் கடையில பில் போடுது.”

“எந்த சபை?”

“எந்த சபையும் இல்ல சார். மாரியம்மன் கோயில் தெரு.”

ஃபைலை வாங்கிக்கொண்டேன். ஏன் என்னிடம்? நான்தான் சபைக் கமிட்டியின் செயலாளர். எங்கள் ஹாலில் எதைப் பாடுவதாக இருந்தாலும் அதன் வரிகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். செயலாளர் படித்துப் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத பாட்டுக்கு ஹால் சாவி கிடையாது. ஒரு கல்யாண வரவேற்பில் யாரோ எதையோ பாடி, மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பந்தியில் எழுந்துபோன காலத்திலிருந்து இருக்கிற வழக்கம். பன்னிரண்டு வருடமாக அந்தக் கையெழுத்து என்னுடையது.

வீட்டுக்கு வந்து படித்தேன். பென்சிலைக் கூர்செய்து வைத்துக்கொண்டு படித்தேன்.

தெருவில் ஓடும் சாக்கடைக்காக வார்டுக்காரர்களுக்குத் திட்டு, முதல் பாட்டு. குடித்தே வீட்டை அழித்த அப்பாவுக்குத் திட்டு, இரண்டாவது. விட்டுவிட்டுப் போன கணவன், கடை முதலாளி, பஸ்ஸில் இடிக்கிறவர்கள், துக்கம் விசாரிக்க வந்து வேடிக்கை பார்த்த சொந்தக்காரர்கள் என்று ஆறு பாட்டில் ஆறு தரப்புக்கும் அர்ச்சனை. சபை ஹாலில் சொல்லக் கூடாத வார்த்தைகள் என்று நான் கோடிட்டவை இருபத்து மூன்று.

ஏழாவது பாட்டில் மட்டும் தனியாக ஒன்பது. அதிலும் மோசமானவை அவைதான். இந்தப் பத்தியில் அவற்றை எழுத முடியாது. பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார், வெட்டவும் வேண்டும்.

வியாழக்கிழமை ஜான்சியை வீட்டுக்கு வரச் சொன்னேன். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, முப்பதைத் தொடாத பெண். குரல் கரகரத்தது. ராப் பாடுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

இருபத்து மூன்று வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

“ஊரத் திட்டுறதுல கூடக் கொறைய இருக்கலாம் சார். பரவால்ல.”

“ஏழாவது?”

“அதுல மட்டும் கை வைக்காதீங்க சார்.”

“அதுலதானேம்மா ஒம்பது இருக்கு? அதுவும் ஒரு பொம்பளையப் பாத்து இம்புட்டுக் கேவலமாவா? யாரும்மா அந்தப் பொம்பள?”

“நாந்தான் சார்.”

காப்பி கொண்டுவந்த என் மனைவி கிரேஸ் தம்ளரோடு அப்படியே நின்றாள்.

ஜான்சி சொன்னாள். அப்பாவோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருடம். செல்போனில் அவர் நம்பரைக் ‘குடிகாரன்’ என்று பதிந்து வைத்திருந்தாள். ஒருநாள் மத்தியானம் கடையில் இருக்கும்போது அவரிடமிருந்து அழைப்பு. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. பதினோரு தடவை. குடிக்கக் காசு கேட்கத்தான் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு பில் போட்டாள். பழங்காநத்தம் ரவுண்டானா பக்கத்தில், பூட்டியிருந்த ஒரு கடைப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மனிதர். அங்கேயே உயிர் போய்விட்டது. அன்றைக்குக் குடிக்கவில்லையாம். போலீஸ்காரர் அவருடைய போனைப் பார்த்துத்தான் இவளுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். அதில் இவள் பெயர் ‘என் மக’.

“ஆறு பாட்டுல ஊரு ஒலகத்தத் திட்டிட்டேன் சார். அப்பாவையும் திட்டிட்டேன். ஏழாவதுல என்னத் திட்டணும். இல்லாட்டி நான் என்னமோ பெரிய யோக்கியம் மாதிரி ஆயிரும். அது பொய் சார்.”

இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்? ஆனாலும் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“புரியுதும்மா. ஆனா வார்த்தை வார்த்தைதானே?”

ஆறு பாட்டுக்கும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டேன். ஏழாவதைத் தனியாக எடுத்து மேஜை டிராயரில் வைத்தேன்.

முதல் சனிக்கிழமை மத்தியானம் ஒலிப்பதிவு. சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்திவிட்டார்கள். பதினான்கு பேரும் வியர்வையில் நனைந்து, காதில் ஹெட்போன் மாட்டி, அதில் கேட்கும் டிரம் மெஷின் தட்டுக்கு வாசித்தோம். அன்றைக்கு நான்கு பாட்டு.

எனக்குப் பிடித்ததா? பிடித்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டாவது பாட்டில், அவளுடைய அப்பா வாசலில் விழுந்து கிடக்கிற இடத்தில், செல்லோ இரண்டும் தரையைத் தேய்ப்பதுபோல அடியில் போகும். அதன்மேல் அவள் மூச்சு விடாமல் ஒரு நிமிடம் பேசுவாள். என்ன ஆகுமோ என்று பயந்து கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். எண்ணிக்கை விட்டுப்போனது. ஒரு சுற்று தாமதமாக நுழைந்தேன். அது நாற்பது வருடத்தில் நடக்காதது. அருள் வாசிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். பதிமூன்று பேரும் பார்த்தார்கள்.

“சார் தூங்கிட்டாரு மாஸ்டர்” என்றாள் ஜான்சி. “என் பாட்டுக்கே தூங்குனா எம் புருசன் மாதிரி விட்டுட்டுப் போயிருவாரு. முழிக்க வைங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

அந்த வாரம் ஏழாவது பாட்டு எனக்கும் அவளுக்கும் இடையில் இரண்டு தடவை போய் வந்தது. ஒன்பதில் ஐந்தை மாற்றினாள். ‘இந்த நாலுக்கு வேற சொல்லு இல்ல சார்’ என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். நானே மாற்றுச் சொற்கள் எழுதி அனுப்பினேன். ஒரு வார்த்தைக்குப் பதிலாக ‘நன்றிகெட்டவள்’. போன் செய்தாள்.

“சார், ‘நன்றிகெட்டவள்’னா கல்யாணப் பத்திரிக அடிச்ச மாதிரி இருக்கு சார். என்ன நானே மரியாதையாத் திட்டிக்கணுமா?”

இரண்டாவது சனிக்கிழமை மீதி இரண்டு பாட்டு. ஜான்சி நடுநடுவே இருமினாள். ஏழு தடவை. ஒவ்வொரு இருமலுக்கும் திரும்ப வாசிக்க வேண்டியிருந்தது. “வெந்நீர் கொண்டுவந்திருக்கலாமே? பதினாலு பேரு காத்திருக்கோம்ல?” என்று அருளிடம் புகார் சொன்னவன் யார்? நான்தான்.

முடிந்ததும் என்னிடம் வந்தாள். வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

“சார், ஏழாவது எப்ப சார் தருவீங்க?”

“பாக்கணும்மா. கமிட்டியில இன்னும் ரெண்டு பேருகிட்ட ஒரு வார்த்த கேக்கணும். ஏன், அவசரமா?”

பெட்டியின் மூடியை எனக்காகப் பிடித்துக்கொண்டாள்.

“அவசரம்னா ஒடனே போட்ருவீங்களா சார்?”

“அவசரப்பட்டாத் தப்பு வந்துரும்.”

“அப்ப அவசரமில்ல சார். வாரேன்.”

போய்விட்டாள். கையில் வில்லை வைத்துக்கொண்டு, ‘பொறுமையான பெண்’ என்று நினைத்தேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை டிராயரைத் திறந்து, ஏழாவது பாட்டை மேஜையில் வைத்துப் பென்சிலை எடுத்தேன். கிரேஸுக்குப் பொறுக்கவில்லை.

“என்ன பரீட்சப் பேப்பரா அது? மார்க் போடப்போறீங்களா? அந்தப் புள்ள அவளத்தானே திட்டுறா? ஒங்களையா திட்டுறா?”

நான்கில் இரண்டை விட்டுக்கொடுத்தேன். மற்ற இரண்டை அதற்குள் அவளே மாற்றி அனுப்பியிருந்தாள். கையெழுத்துப் போட்டேன். அருள் என்னிடம் ஃபைலைக் கொடுத்து அன்றோடு பத்தொன்பது நாள்.

மூன்றாவது சனிக்கிழமை. ஏழாவது பாட்டுக்கு டிரம் மெஷின் கிடையாது என்று அருள் சொன்னார். தட்டு இல்லை. ஜான்சி எங்கே மூச்சு விடுகிறாளோ அங்கே வாத்தியம் நிற்கும். அவள் ஓடினால் ஓடும். அருள் அவளைப் பார்த்துக் கையசைப்பார், நாங்கள் அவரைப் பார்த்து வாசிப்போம். ஆகவே குரலைத் தனியாகவும் வாத்தியத்தைத் தனியாகவும் பதிய முடியாது. அதைவிட, அவள் அந்தப் பாட்டை அதுவரை எங்கேயும் பதிந்து வைத்திருக்கவும் இல்லை. ஒரே ஒரு தடவை அருளிடம் பேசிக் காட்டியிருக்கிறாள். “என்ன நானே திட்டுறதப் பதிஞ்சு பதிஞ்சு கேக்க முடியாது மாஸ்டர். ஒரு தடவதான். அன்னைக்கோட முடிஞ்சுரணும்” என்றிருக்கிறாள்.

அருள் கையை உயர்த்தினார். செல்லோ தொடங்கியது. நான்கு சுற்று. ஐந்தாவதில் ஜான்சி நுழைய வேண்டும். சரியாக நுழைந்தாள். உதடு அசைந்தது.

வந்தது காற்று.

தண்ணீர் குடித்தாள். மறுபடியும் செல்லோ, மறுபடியும் நான்கு சுற்று. ‘பதினோரு தடவ’ என்கிற முதல் வார்த்தைகள் கீறலாக வந்தன. அதன்பின் காற்று. மூன்றாவது முறை இருமல் மட்டும்.

மைக் எல்லாம் திறந்திருந்தது. அவள் அருளிடம் முணுமுணுத்தது பதினான்கு பேரின் ஹெட்போனிலும் விழுந்தது.

“போன வாரம் இருந்துச்சு மாஸ்டர்... சத்தியமா இருந்துச்சு.”

வண்டி நிறுத்தும் இடத்தில் அருளைப் பிடித்தேன். “என்னப்பா ஆச்சு? சளியா?”

“கட்டி சார். தொண்டையில. குரல் நரம்பச் சுத்திப் பிடிச்சிருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை ஆபரேஷன். எடுத்தாத்தான் ஆளு மிஞ்சும்னுட்டாங்க. குரல் மிஞ்சாது.”

“எப்பத் தெரியும் ஒனக்கு?”

“ஒங்ககிட்ட ஃபைலக் குடுக்கிறதுக்கு முன்னாடியே தெரியும் சார்.”

“சொல்லியிருக்கலாமே அருள்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...”

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா சார். ‘பாவம் பாத்துப் போடுற கையெழுத்து எனக்கு வேணாம் மாஸ்டர். அவரு பாட்டப் படிச்சுட்டுப் போடட்டும்’னு சொன்னா.” ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டவர் அதைக் கழற்றினார். “நீங்க பாட்டப் படிச்சீங்களா சார்? இல்ல, வார்த்தைய மட்டும் படிச்சீங்களா?”

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கணக்கு வாத்தியார். கழித்தல் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் வியாழக்கிழமை, ஆறோடு ஏழாவதுக்கும் கையெழுத்துப் போட்டிருந்தால் பதிந்திருக்கலாம். முதல் சனிக்கிழமை குரல் இருந்தது. இரண்டாவது சனிக்கிழமையும் இருந்தது. கரகரப்பாக, இருமலோடு... ஆனால் இருந்தது. அந்த இரண்டு சனிக்கிழமைகளையும் டிராயரில் வைத்துப் பூட்டியவன் நான்.

கவனமாக இருக்கிற மனிதர்களைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. நிதானமானவர், அவசரப்படமாட்டார், ஒன்றுக்கு இரண்டு தடவை பார்ப்பார் என்றெல்லாம் எங்களுக்கு நல்ல பெயர்கள். நாங்கள் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. தள்ளிவைக்கிறோம், அவ்வளவுதான். கெடுதல் செய்தவன்மேல் கேஸ் போடலாம். தள்ளிவைத்தவன்மேல் எந்தக் கோர்ட்டில் போடுவது? அந்தக் காகிதம் காத்திருக்கும். ஆள் காத்திருக்க முடியுமா என்று நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை.

ஆபரேஷன் முடிந்தது. ஆள் மிஞ்சினாள். குரல் மிஞ்சவில்லை.

ஐந்து வாரம் கழித்து அருள் அவளைப் போய்ப் பார்த்தார். வேறு ஒரு பாடகியை வைத்து ஏழாவது பாட்டை முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். அவள் போனில் தட்டிக் காட்டினாளாம்: ‘என்ன வேற ஆளு திட்டக் கூடாது மாஸ்டர்.’

“அப்ப ஆறோட விட்ருவமா?” என்றிருக்கிறார்.

‘விடக் கூடாது. நான் வாரேன்.’

வந்தாள். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. நடக்கும்போதே மூச்சு வாங்கியது. ஹாலில் எங்களுக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். முன்னால் மைக் இல்லை. வைத்து என்ன ஆகப்போகிறது?

ஜான்சி வாயசைப்பாள். அருள் அந்த உதட்டைப் பார்த்துக் கையசைப்பார். நாங்கள் அந்தக் கையைப் பார்த்து வாசிக்க வேண்டும்.

செல்லோ, நான்கு சுற்று. ஐந்தாவதில் அவள் உதடு அசைந்தது. சத்தமே இல்லை. வாத்தியம் அவள் மூச்சுக்கு நின்றது, அவள் வேகத்துக்கு ஓடியது. எனக்கு அந்தப் பாட்டு வரி வரியாகப் பாடம். இருக்காதா? எத்தனை நாள் என் டிராயரில் இருந்தது! வயலினிலிருந்து கண்ணை எடுத்து அவள் உதட்டைப் பார்த்தேன்.

பதினோரு தடவ அடிச்ச... பதினோரு தடவ பாத்தேன்... திரையில நீ இல்ல... நான் வச்ச பேரு...

அடுத்த வரியில் நான் அடித்த முதல் வார்த்தை வந்தது. கையெழுத்தான பிரதியில் இருக்கிற மாற்றுச் சொல் இல்லை. பழைய வார்த்தைதான். உதடு பிரிந்து மூடுவதிலேயே தெரிந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். அவள் என்னைப் பார்க்கவில்லை. நேரே, யாருமில்லாத இடத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் இறங்கியது.

ஒன்பது. எண்ணினேன். ஒன்பதும் இருந்தன.

சபை ஹாலில், அந்த ஒன்பதில் ஏழு என் கையெழுத்து இல்லாத வார்த்தைகள். செயலாளர் இரண்டாவது வயலினை வாசித்துக்கொண்டிருந்தார்.

ஒரே டேக். அருள் போதும் என்றார். எங்கள் நர்ஸ் வயலினைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். நான் ஜான்சியிடம் போனேன். அடுத்து ரேடியேஷன் இருக்கிறது, அதற்கப்புறம் என்ன என்று யாரும் சொல்லவில்லை என்று அருள் முன்பே சொல்லியிருந்தார். அதெல்லாம் கேட்க வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். சொன்னது வேறு.

“ஜான்சி... ரெண்டு சனிக்கிழமை. நாந்தான் வீணாக்குனேன்.”

போனை எடுத்தாள். தட்டினாள். ரொம்ப நேரம் தட்டினாள். பிறகு முழுதையும் அழித்தாள். மறுபடி தட்டி என் பக்கம் திருப்பினாள்.

‘தெரியும் சார்.’

அடுத்து:

‘ஆஸ்பத்திரில படுத்துக்கெடக்கும்போது ஒங்களத் திட்டி ஒண்ணு எழுதிட்டேன். எட்டாவது பாட்டு.’

பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது. “எத்தனை வார்த்தைம்மா?”

யோசித்தாள். இரண்டு கையின் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். மூடினாள். மறுபடி விரித்தாள். பிறகு தட்டினாள்:

‘இதுக்கு ஒங்க கையெழுத்து வேணாம்ல?’

சிரிக்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். சத்தம் வராத முகத்தில் அதைக் கண்டுபிடிப்பது கடினம். இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிட்டாள் என்று எழுதினால் உங்களுக்கும் நன்றாக இருக்கும், எனக்கும் நன்றாக இருக்கும். அப்படி அவள் சொல்லவில்லை.

நேற்று ஹால் கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தது. நர்சிங் படிக்கிற பெண்கள் நாடகம் போடுகிறார்களாம். வசனம் இருபத்திரண்டு பக்கம். கொண்டுவந்த பெண்ணை உட்காரவைத்து இருபத்திரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் போன பிறகுதான் என் பிரதியைப் படித்தேன்.

நாலு இடத்தில் ஆட்சேபம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.